ஆங்கிலத்தில் ‘டு ஹூம்’, ‘இன் விச்’: வாசகர் வினாக்களும் விடைகளும்

வினா: கோட்டையிலுள்ள ஒரு காப்புறுதி நிறுவனத்தில், வாடிக்கையாளருக்கு அனுப்பும் கடிதங்களைத் தயாரிக்கும் பிரிவில் பணியாற்றுகிறேன். அண்மையில் ஒரு கடிதத்தில், ‘நீங்கள் படிவத்தைக் கொடுத்த உத்தியோகத்தர்’ என்ற கருத்தில் ‘த ஆபிசர் டு தட் யூ கேவ் த ஃபோர்ம்’ என்று எழுதியிருந்தேன். மேலதிகாரி ‘தட்’ என்பதை வெட்டிவிட்டு ‘ஹூம்’ என்று திருத்தினார். ஆனால் அதே கடிதத்தில் இன்னோரிடத்தில் ‘த ஆபிசர் தட் யூ ஸ்போக் டு’ என்று இருந்ததை அவர் தொடவேயில்லை. அங்கே சரியாகும் ‘தட்’ இங்கே எப்படிப் பிழையாகும்? எந்த இடத்தில் எந்தச் சொல் என்பதற்கு நம்பிப் பின்பற்றக்கூடிய வழி ஏதும் உண்டா ஐயா?
(வாசகி, வெள்ளவத்தை)

விடை: உங்கள் மேலதிகாரி இரண்டு இடங்களிலும் சரியாகவே முடிவெடுத்திருக்கிறார். முன்னிடைச்சொல், அதாவது டு, இன், ஒன், ஃப்ரொம், வித் போன்ற பிரிப்பொசிஷன், தொடர்புப் பிரதிப்பெயருக்கு, அதாவது முன்னுள்ள பெயரைச் சுட்டித் துணை வாக்கியத்தை அதனோடு இணைக்கும் ரெலட்டிவ் புரோனவுனுக்கு, நேர் முன்னால் வந்து நின்றால், மனிதருக்கு ‘ஹூம்’, மனிதரல்லாதவற்றுக்கு ‘விச்’, ஒருவருடைய அல்லது ஒன்றினுடைய என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஹூஸ்’ ஆகிய மூன்றுக்கு மட்டுமே அங்கே இடமுண்டு. ‘தட்’ அங்கே ஒருபோதும் வராது. ‘ஹூ’ பேச்சில் எப்போதாவது காதில் விழலாம், ஆயினும் கவனமான எழுத்தில் அதையும் ஏற்பதில்லை.

‘தட்’ ஏன் விலக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் விதியை நெட்டுருச் செய்ய வேண்டியிராது. ‘ஹூ’ என்பதற்கு ‘ஹூம்’, ‘ஹூஸ்’ என்று வேற்றுமைக்கேற்ற வடிவங்கள் உள்ளன. ‘தட்’ எந்த நிலையிலும் வடிவம் மாறாதது. அது துணை வாக்கியத்தின் தலைப்பில் நின்று முன்னுள்ள பெயரோடு அதை இணைக்கும் வேலையைச் செய்கிறதே தவிர, பெயரைப் போல வேற்றுமை ஏற்பதில்லை என்பதால், அதை உண்மையான பிரதிப்பெயர் என்றே கொள்ளாத இலக்கண அறிஞர்களும் பலர் உள்ளனர். தலைப்பில் நிற்கும் இணைப்புச் சொல்லுக்கு முன்னால், அது தொடங்கிவைக்கும் வாக்கியத்தின் உறுப்பு எதுவும் வர இயலாது. ஆகவே ‘தட்’ வரும்போது முன்னிடைச்சொல் தன் சொந்த இடத்திலேயே, வினைக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. உங்கள் கடிதத்தில் ‘தட் யூ ஸ்போக் டு’ சரியாக இருப்பது இதனாலேயே.

‘இன் தட்’ என்று அடுத்தடுத்து வருவதைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். ‘திஸ் பொலிசி டிஃபர்ஸ் இன் தட் இட் கவர்ஸ் த ஹோல் ஃபமிலி’ என்பதிலுள்ள ‘இன் தட்’ எந்தப் பெயரையும் சுட்டவில்லை. ‘முழுக் குடும்பத்தையும் உள்ளடக்குகிறது என்ற வகையில் வேறுபடுகிறது’ என்பதே அதன் பொருள். இதை விதிக்கு விலக்காகக் கருத வேண்டாம். இது வேறொரு சொல்லாட்சி.

இதுவரை சொன்னது எளிய பாதி. எனக்கு வரும் கடிதங்களில் ‘ஹூம்’, ‘விச்’ மாறிப்போவதைவிட, முன்னிடைச்சொல்லே காணாமற்போவது அல்லது தவறான முன்னிடைச்சொல் வந்துவிடுவது தான் மிகுதி. இதற்குக் காரணம் நம்முடைய தாய்மொழியின் அமைப்பில் இருக்கிறது. தமிழில் இத்தகைய வாக்கியங்களைப் பெயரெச்சத்தால் அமைக்கிறோம். பெயரெச்சம் ‘செய்வது ஆதி அறுபொருட் பெயர்’ கொண்டு முடியும் என்று நன்னூல் வகுக்கிறது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆகியவையே அந்த ஆறு. உண்ட சாத்தன், உண்ட கலம், உண்ட இல்லம், உண்ட ஊண், உண்ட நாள், உண்ட சோறு என்று அடுக்கிப் பாருங்கள். சாத்தன் உண்டவன், கலம் உண்ணப் பயன்பட்டது, இல்லம் உண்ட இடம், சோறு உண்ணப்பட்டது. இவ்வளவு வேறுபட்ட உறவுகளையும் ‘உண்ட’ என்ற ஒரே வடிவம் தாங்கிக்கொள்கிறது. சாத்தன் கலத்தில் உண்டான் என்பதிலுள்ள ‘இல்’ உருபு, ‘உண்ட கலம்’ என்று ஆனவுடன் மறைந்துவிடுகிறது. கேட்பவர் உலக வழக்கறிந்து பொருள் கொள்கிறார்.

ஆங்கிலம் அந்த உறவை மறைய விடுவதில்லை. சாத்தனுக்கும் சோற்றுக்கும் முன்னிடைச்சொல் தேவையில்லை. ‘த மேன் ஹூ ஏட்’, ‘த ரைஸ் விச் ஹீ ஏட்’ என்று முடித்துவிடலாம். கலத்துக்கு ‘ஃப்ரொம் விச்’, இல்லத்துக்கு ‘இன் விச்’, நாளுக்கு ‘ஒன் விச்’ என்று ஒவ்வொன்றுக்கும் உரிய முன்னிடைச்சொல்லைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர், தமிழ் மறைத்துவைத்த உருபைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ‘த பிளேட் விச் ஹீ ஏட்’ என்று எழுதினால் அவன் தட்டையே தின்றான் என்றாகிவிடும்.

உங்கள் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். ‘பணம் செலுத்திய கணக்கு’ என்பது எந்தக் கணக்கு? வாடிக்கையாளர் தவணைப்பணத்தை எடுத்துச் செலுத்திய அவருடைய கணக்கும் ஆகலாம், பணம் வந்து சேர்ந்த நிறுவனத்தின் கணக்கும் ஆகலாம். தமிழ்க் கடிதத்தில் முன்பின் வாக்கியங்களைக் கொண்டு இதை ஊகிப்போம். ஆங்கிலத்தில் முன்னது ‘த அக்கவுண்ட் ஃப்ரொம் விச் த மணி வாஸ் பெய்ட்’, பின்னது ‘த அக்கவுண்ட் இன்டு விச் த மணி வாஸ் பெய்ட்’. ஒரு சிறு சொல் மாறினால் கணக்கே மாறிவிடுகிறது. காப்புறுதிக் கடிதத்தில் அந்த மாற்றம் எவ்வளவு வில்லங்கத்தைக் கொண்டுவரும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் கேட்ட வழி இதுதான். பெயரெச்சத் தொடரை முதலில் ஒரு தனி முழு வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். ‘யூ கேவ் த ஃபோர்ம் டு த ஆபிசர்.’ இதில் ‘ஆபிசர்’ என்ற பெயருக்கு முன் நிற்பது ‘டு’. ஆபிசர் மனிதர் என்பதால் அவருடைய இடத்துக்கு ‘ஹூம்’ வரும். ‘டு ஹூம்’ என்று இரண்டையும் சேர்த்துத் தூக்கி முன்னே கொண்டுபோய் வையுங்கள். தூக்கிய இடத்தில் எதையும் மிச்சம் விடாதீர்கள். முன்னிடைச்சொல்லை முன்னேயும் வைத்துப் பின்னேயும் விட்டு ‘த ஹவுஸ் இன் விச் வீ லிவ் இன்’ என்று எழுதும் பழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு.

முன்னிடைச்சொல்லைத் தீர்மானிப்பது துணை வாக்கியத்தின் வினையும் அந்த வினைக்கும் பெயருக்கும் உள்ள உறவுமே என்பதை இந்த முறை தெளிவாக்கும். ‘அவள் விண்ணப்பித்த பதவி’, ‘அவள் விண்ணப்பித்த நிறுவனம்’ இரண்டிலும் வினை ஒன்றே. ஆங்கிலத்தில் பதவிக்கு ‘த போஸ்ட் ஃபோர் விச் ஷீ அப்ளைட்’, நிறுவனத்துக்கு ‘த கம்பனி டு விச் ஷீ அப்ளைட்’. மாறாக, முன்னிடைச்சொல்லே வேண்டாத வினைகளும் உள்ளன. நாம் ஒரு விடயத்தைப் ‘பற்றி’க் கலந்துரையாடுகிறோம் என்பதால் ‘த மேட்டர் அபௌட் விச் வீ டிஸ்கஸ்ட்’ என்று எழுதத் தோன்றும். ‘டிஸ்கஸ்’ நேராகச் செயப்படுபொருளை ஏற்கும் வினையாகையால் ‘த மேட்டர் விச் வீ டிஸ்கஸ்ட்’ என்பதே சரி. தனி வாக்கியமாக எழுதிப் பார்க்கும்போது இந்தப் பிழை தானாகவே அகப்பட்டுவிடும்.

நிறுவனம், கிளை, வங்கி, குழு ஆகியவற்றில் மனிதர் இருந்தாலும் அவற்றை ஓர் அமைப்பாகக் கருதும்போது ‘விச்’ தான்: ‘த பிராஞ்ச் டு விச் யூ ரோட்’. அங்குள்ள ஊழியர்களைச் சொன்னால் ‘ஹூம்’. வாடிக்கையாளர் சார்பில் எழுதும் கடிதங்களில் ‘த கிளையன்ட் ஒன் ஹூஸ் பிஹாஃப் வீ ரைட்’ என்ற தொடர் உங்களுக்கு அடிக்கடி தேவைப்படும். அதில் ‘பிஹாஃப்’ என்பதோடு இணைந்து நிற்பதால் ‘ஹூம்’ வராமல் ‘ஹூஸ்’ வருகிறது.

வினா: நான் ஆங்கில ஆசிரியை. ஆங்கில வாக்கியத்தை முன்னிடைச்சொல்லால் முடிப்பது பெரும் பிழை என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். இப்போதைய பாடநூல்களிலும் ஆங்கிலத் தொலைக்காட்சியிலும் ‘த கேர்ள் ஐ வென்ட் வித்’ போன்ற வாக்கியங்களே நிறைந்திருக்கின்றன. மாணவர்களுக்கு எதைச் சொல்வது?
(ஆசிரியை, கொட்டாஞ்சேனை)

விடை: இரண்டும் சரியான ஆங்கிலம் என்று சொல்லிக்கொடுங்கள். எந்தச் சூழலுக்கு எது பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

முன்னிடைச்சொல்லை இறுதியில் விடுவது ஆங்கிலத்தின் பிறவிக் குணம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்திலேயே, வடிவம் மாறாத தொடர்புச் சொல் வரும் இடங்களில் முன்னிடைச்சொல் பின்னேயே நின்றது. வினாச் சொற்களாக இருந்த ‘ஹூ’வும் ‘விச்’சும் தொடர்புப் பிரதிப்பெயர்களாக வழங்கத் தொடங்கியது அதற்குப் பின்னரே. இறுதி முன்னிடைச்சொல்லைக் குறையாகச் சுட்டிக்காட்டியவர்களுள் பெரிதும் அறியப்பட்டவர் ஆங்கிலக் கவிஞர் ஜோன் ட்ரைடன். 1672இல் அவர் நாடகாசிரியர் பென் ஜோன்சனின் ஒரு வரியை இக்காரணத்துக்காகக் குறைகூறியதோடு, தம்முடைய பழைய உரைநடையை மறுபதிப்புச் செய்தபோது அதிலிருந்த இத்தகைய வாக்கியங்களையும் திருத்தினார். பின்னாளில் லண்டன் பிஷப்பாகிய ரொபர்ட் லௌத், 1762இல் வெளியிட்ட தம் இலக்கணத்தில், இவ்வழக்கு உரையாடலில் மேலோங்கி நிற்பது, நெருக்கமான நடைக்குப் பொருந்துவது என்று ஒப்புக்கொண்டு, முன்னிடைச்சொல்லை முன்னே வைப்பது உயர்ந்த நடைக்கு அழகு என்றே கூறினார். பிழை என்று அவர் சொல்லவில்லை. பள்ளிக்கூடங்களில் அது கைமாறிக் கைமாறி வந்தபோது ‘அழகு’ என்பது ‘கட்டாயம்’ என்று இறுகிப்போயிற்று.

என்னுடைய கருத்தில் லௌத் கூறியதே இன்றும் நல்ல வழிகாட்டல். விண்ணப்பம், அறிக்கை, சட்ட ஆவணம், பரீட்சைக் கட்டுரை ஆகியவற்றில் ‘வித் ஹூம்’, ‘டு விச்’ என்று முன்னே வையுங்கள். பேசும்போதும் நண்பருக்கு எழுதும்போதும் பின்னே விடுங்கள். பின்னே விடும்போது ‘ஹூ’ வரலாம், ‘தட்’ வரலாம், உங்கள் உதாரணத்தில் உள்ளதுபோல ஒன்றுமே வராமலும் இருக்கலாம். முன்னே வைத்துவிட்டால் பிரதிப்பெயரை விடவே முடியாது. மாணவர்கள் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், முதற் கேள்வியை அனுப்பிய வாசகிக்கு நேர்ந்த குழப்பம் அவர்களுக்கு நேராது.

உயர்ந்த நடை என்று எண்ணி எல்லாவற்றையும் முன்னே இழுத்துப்போடுவதையும் தடுக்க வேண்டும். ‘லுக் அப்’, ‘லுக் ஆஃப்டர்’, ‘புட் அப் வித்’ போன்றவற்றில் வினையும் அதனோடு வரும் சிறு சொல்லும் சேர்ந்தே ஒரு பொருளைத் தருகின்றன. ‘அகராதியில் நான் தேடிப் பார்த்த சொல்’ என்பதற்கு ‘த வேர்ட் விச் ஐ லுக்ட் அப்’ என்று எழுதலாமேயன்றி, ‘அப் விச் ஐ லுக்ட்’ என்று எழுதினால் அது ஆங்கிலமே அன்று. ‘த சில்ட்ரன் ஆஃப்டர் ஹூம் ஷீ லுக்ஸ்’ என்பதும் அப்படியே காதுக்கு ஒவ்வாதது. இதற்கு எதிர்ப்புறத்தில், பின்னே விட முடியாத முன்னிடைச்சொற்களும் உள்ளன. ‘டியூரிங் விச்’, ‘பை மீன்ஸ் ஒஃப் விச்’, ‘அஸ் அ ரிசல்ட் ஒஃப் விச்’ போன்றவற்றை முன்னே வைத்தே எழுத வேண்டும். வகுப்பில் நேரம் குறைவென்றால் பட்டியல் எதையும் கொடுக்காமல், வாக்கியத்தை உரத்து வாசிக்கச் செய்யுங்கள். ‘அப் விச் ஐ லுக்ட்’ என்பதன் கோணல் பிள்ளைகளின் காதுக்கே பிடிபடும்.

வினா: உயர்தரப் பொது ஆங்கிலப் பரீட்சைக்குத் தயாராகிறேன். ‘ஷீ ஹாஸ் த்ரீ பிரதர்ஸ், டூ ஒஃப் தெம் லிவ் இன் கண்டி’ என்று எழுதியதை டியூஷன் ஆசிரியர் பிழை என்றார். ‘தெம்’ என்பதில் என்ன பிழை?
(மாணவர், தெஹிவளை)

விடை: ‘தெம்’ இரண்டு வாக்கியங்களை இணைக்கும் ஆற்றல் இல்லாத சாதாரணப் பிரதிப்பெயர். ‘பிரதர்ஸ்’ என்பதோடு முற்றுப்புள்ளி இட்டுப் புது வாக்கியம் தொடங்கினால் நீங்கள் எழுதியது முழுவதும் சரி. காற்புள்ளி மட்டும் இட்டுத் தொடர விரும்பினால் இணைக்கும் வேலையையும் செய்யும் சொல் வேண்டும், அது ‘டூ ஒஃப் ஹூம்’. பொருள்களுக்கு ‘சம் ஒஃப் விச்’, ‘போத் ஒஃப் விச்’, ‘மோஸ்ட் ஒஃப் விச்’ என்று வரும். ‘ஒஃப்’ முன்னிடைச்சொல் என்பதால், முதல் விடையில் சொன்ன விதியே இங்கும் செல்லும். ‘அண்ட் டூ ஒஃப் தெம்’ என்று எழுதினாலும் சரியே, அப்போது இணைக்கும் வேலையை ‘அண்ட்’ ஏற்றுக்கொள்கிறது.

வினா: சேவைச் சான்றிதழ்களின் தலைப்பில் ‘டு ஹூம் இட் மே கன்சர்ன்’ என்று எழுதுவதைப் பார்த்துப் பழகியவன் நான். எனவே ‘டு’ என்பதை அடுத்து எப்போதும் ‘ஹூம்’ என்றே எழுதி வந்தேன். என் மகள் எழுதிய ஓர் அறிவித்தலில் ‘கிவ் த கீ டு ஹூஎவர் கம்ஸ் ஃபர்ஸ்ட்’ என்று இருந்ததை ‘ஹூமெவர்’ என்று திருத்தினேன். அவள் தன்னுடையதே சரி என்கிறாள்.
(ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், பம்பலப்பிட்டி)

விடை: மகள் எழுதியதே சரி. ஆயினும் உங்கள் ஐயம் மிகவும் நியாயமானது. நன்கு கற்றவர்களும் தடுமாறும் இடம் இது.

‘டு ஹூம் இட் மே கன்சர்ன்’ என்பதில் ‘ஹூம்’ என்பதற்கு முன்னால் அது சுட்டும் பெயர் எதுவும் இல்லை. ‘இது யாரைச் சார்ந்ததோ அவருக்கு’ என்று பெயரையும் உள்ளடக்கியே அது நிற்கிறது. அந்தச் சிறு வாக்கியத்தின் எழுவாய் ‘இட்’, வினை ‘கன்சர்ன்’, அந்த வினையின் செயப்படுபொருள் ‘ஹூம்’. ஆகவே வெளியே நிற்கும் ‘டு’வும் உள்ளே நிற்கும் வினையும் ஒருங்கே ‘ஹூம்’ என்ற வடிவத்தையே வேண்டுகின்றன. உங்கள் மகளின் வாக்கியத்தில் ‘கம்ஸ்’ என்ற வினைக்கு எழுவாய் வேண்டும். முதலில் வருபவர் யாரோ அவரே எழுவாய், எனவே ‘ஹூஎவர்’. ‘டு’ என்பது அந்த ஒரு சொல்லை மட்டும் ஆளவில்லை, ‘ஹூஎவர் கம்ஸ் ஃபர்ஸ்ட்’ என்ற தொடர் முழுவதையும் ஆளுகிறது. உள்ளே நிற்கும் வினையைப் பார்த்தே வடிவத்தை முடிவு செய்ய வேண்டும். ‘நீ விரும்பும் எவருக்கேனும் கொடு’ என்றால் ‘கிவ் இட் டு ஹூமெவர் யூ லைக்’, ஏனெனில் அங்கே எழுவாய் ‘யூ’.

வினாப் பொருளிலும் இப்படியே நிகழும். ‘யார் பணம் கட்ட வேண்டும் என்ற கேள்வி’ என்பதை ‘த குவெஸ்ஷன் ஒஃப் ஹூ ஷுட் பே’ என்று எழுத வேண்டும். ‘ஒஃப்’ முன்னே நிற்கிறதே என்று ‘ஹூம்’ இட்டால், ‘ஷுட் பே’ எழுவாயின்றி நின்றுவிடும். முதல் விடையிலுள்ள ‘த ஆபிசர் டு ஹூம்’ என்பதில் ‘டு’ துணை வாக்கியத்துக்குள்ளிருந்து முன்னே வந்தது. இங்கேயோ ‘டு’வும் ‘ஒஃப்’பும் வெளி வாக்கியத்துக்குச் சொந்தமானவை. முன்னிடைச்சொல் எந்த வாக்கியத்துக்கு உரியது என்று கேட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலவா.

வினா: ‘த ஹவுஸ் வேர் ஐ லிவ் இன்’, ‘த வே ஹவ் ஹீ ஸ்பீக்ஸ்’ இவை சரியா?
(வாசகர், மட்டக்குளி)

விடை: இரண்டும் பிழை. ‘வேர்’ என்பதற்குள் ‘இன் விச்’ அல்லது ‘அட் விச்’ அடங்கியிருப்பதால் இறுதியில் மீண்டும் ‘இன்’ வரக்கூடாது. ‘த ஹவுஸ் வேர் ஐ லிவ்’, ‘த ஹவுஸ் இன் விச் ஐ லிவ்’, ‘த ஹவுஸ் ஐ லிவ் இன்’ மூன்றும் சரி. காலத்துக்கு ‘வென்’ இவ்வாறு பயன்படும்: யாழ்தேவி ஓடத் தொடங்கிய 1956ஆம் ஆண்டை ‘த இயர் வென்’ என்றும் ‘த இயர் இன் விச்’ என்றும் எழுதலாம். நாளுக்கு ‘ஒன் விச்’, ஆண்டுக்கும் மாதத்துக்கும் ‘இன் விச்’ என்ற வேறுபாட்டை மட்டும் மறவாதீர்கள். காரணத்துக்கு ‘த ரீசன் ஃபோர் விச்’ இருந்தாலும் ‘த ரீசன் வை’ என்பதே பெருவழக்கு. விதத்தைச் சொல்லும்போது ‘வே’, ‘ஹவ்’ இரண்டும் சேர்ந்து வருவதில்லை. ‘த வே இன் விச் ஹீ ஸ்பீக்ஸ்’ என்றோ, சுருக்கமாக ‘த வே ஹீ ஸ்பீக்ஸ்’ என்றோ எழுதுங்கள்.